எரிந்துகொண்டே இருக்கக் கூடாத விளக்கு

நவம்பரில் முதல் பனி பற்றிய அறிவிப்பு வானொலியில் வந்த மறுநாள் ஸ்காபரோவின் டயர் கடைகளில் தொலைபேசி ஓயாது. பதிந்து வைத்தவர்கள், பதியாமல் வருபவர்கள், பின் சீட்டில் இரண்டும் டிக்கியில் இரண்டுமாக டயர்களை ஏற்றிக்கொண்டு நேரே வாசலில் வந்து நிற்பவர்கள் என்று எல்லாருக்கும் அன்றைக்கே வேலை முடிய வேண்டும். கோடைக்காலச் சில்லுகளைக் கழற்றிப் பனிக்காலச் சில்லுகளைப் பூட்டுவதும், ஏப்ரலில் மறுபடி மாற்றுவதும் இந்நகரத்தில் வருடத்துக்கு இரண்டு முறை வரும் அறுவடைக் காலம். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த இரண்டு பருவங்களில்தான் கழிந்திருக்கிறது.

சில்லு மாற்றும் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. ஹொயிஸ்டில் ஏற்று, நட்டைக் கழற்று, மற்றதைப் பூட்டு, இறக்கு. ஆனால் வாடிக்கையாளர் திரும்பி வருவது பெரும்பாலும் நட்டுக்காகவோ டயருக்காகவோ அல்ல. மீட்டர் தட்டில் எரியும் ஒரு சின்ன மஞ்சள் விளக்குக்காக. வெட்டிப் பார்த்த டயர் வடிவத்துக்குள் ஒரு ஆச்சரியக்குறி இருக்கும். காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு அது. அதைச் சரியாக வைத்திருப்பதுதான் இந்தப் பருவ மாற்றத்தின் கடினமான பகுதி என்பதை அனுபவத்தில் கண்டிருக்கிறேன். அதைப் பலர் பொருட்படுத்தாமல் விடுவது எனக்கு இன்றுவரை கவலை தருகிறது.

இந்த விளக்கு வந்த கதை இழப்புகளில் தொடங்கியது. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் அமெரிக்காவில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்புளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டிருந்த அந்த டயர்கள் வேகத்தில் ஓடும்போது மேல்தோல் பிரிந்து, வண்டிகள் உருண்டு, பல உயிர்கள் போயின. காற்றுக் குறைவாக ஓடும் டயர் அளவுக்கு மீறிச் சூடேறும் என்பதும் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் அமெரிக்கா புதிய சட்டம் கொண்டுவந்தது. அதன் வழியாகப் படிப்படியாக, 2007 செப்டம்பருக்குப் பிறகு அங்கே தயாரான எல்லாச் சிறு வாகனங்களிலும் காற்றழுத்தக் கண்காணிப்பு கட்டாயமானது. உற்பத்தியாளர் சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பது விதி. கனடாவில் இப்படிச் சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் ஒரே சந்தைக்காகச் செய்யப்படும் வண்டிகள் என்பதால் இங்கே ஓடும் பெரும்பாலான கார்களிலும் இது இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், அமெரிக்கச் சட்டம் எழுதப்பட்டது ஒரே செட் சில்லுகளோடு ஓடும் வண்டியை மனதில் வைத்து. இங்கே எங்களுக்கு ஒரு வண்டிக்கு இரண்டு செட். வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறையும். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து அப்படி டயர் போடுபவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு கொடுக்க வேண்டும். அதனால் பலரும் மலிவான இரும்பு ரிம் நான்கு வாங்கி, பனிக்கால டயரை அதில் நிரந்தரமாக ஏற்றி வைத்துக்கொள்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடுதான். ஒவ்வொரு முறையும் டயரை ரிம்மிலிருந்து கழற்றி ஏற்றினால் அதன் விளிம்பு தேய்ந்துபோகும், கூலியும் கூடும். ஆனால் கோடைக்காலச் சில்லுக்குள் இருக்கும் சென்சர் அந்தச் சில்லோடு நிலவறைக்குப் போய்விடுகிறது. கார் மட்டும் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறது.

இந்தச் சென்சர் ஒரு தீப்பெட்டியை விடச் சிறியது. ரிம்மின் உட்புறம், வால்வின் அடியில் பூட்டியிருக்கும். அதற்குள் அழுத்தமானி, வெப்பமானி, சிறிய வானொலிப் பரப்பி, ஒரு லிதியம் பாட்டரி. வட அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸில் பேசுபவையும் உண்டு, 433இல் பேசுபவையும் உண்டு. அலைவரிசை மாறினால் கார் கேட்காது. வண்டி நிற்கும்போது சென்சர் உறங்கும். சில்லு சுழலத் தொடங்கினால் விழித்துத் தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் அனுப்பும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்த அடையாளம் ஒவ்வொரு சென்சருக்கும் தனி. கார் அதன் கணினியில் பதிந்திருக்கும் நான்கு எண்களை மட்டுமே நம்பும். பக்கத்தில் ஓடும் வண்டியின் டயர்த் தகவலை உங்கள் கார் எடுத்துக்கொள்ளாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான்.

பாட்டரியை மாற்ற முடியாது. முழுவதும் பிசினில் புதைத்து மூடியிருக்கும். 5 முதல் 10 வருடம் உழைக்கும், பிறகு சென்சரையே மாற்ற வேண்டும். அதனால் எட்டு வருட வண்டி வந்தால் நான் முதலில் சென்சரைத்தான் பார்ப்பேன். கையில் பிடிக்கும் ஸ்கான் கருவியை ஒவ்வொரு வால்வுக்கும் அருகே வைத்துப் பொத்தானை அழுத்தினால், கருவி 125 கிலோஹெர்ட்ஸ் அலையால் சென்சரை எழுப்பும். அடையாள எண், அழுத்தம், வெப்பம், பாட்டரி நிலை ஆகியவை திரையில் வரும். நான்கும் பேசுகின்றனவா, எது வாய்மூடிவிட்டது என்பதை நட்டைத் தொடுவதற்கு முன்பே பார்த்து எழுதி, உரிமையாளருக்குக் காட்டிவிட வேண்டும். இதைச் செய்யாமல் வேலையை முடித்துவிட்டு, பிறகு விளக்கு எரிந்தால், கடை உடைத்தது என்று அவர் நினைப்பதில் பிழை இல்லை. என்னிடம் வேலை பழக வந்த பிள்ளைகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதும் இதையே.

விளக்கின் பேச்சையும் பிரித்தறிய வேண்டும். காரை ஸ்டார்ட் செய்ததும் நிலையாக எரிந்தால் காற்றுக் குறைவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வரை விட்டு விட்டு மின்னிப் பிறகு நிலைத்து எரிந்தால், அமைப்பிலேயே கோளாறு. கார் தன் சென்சரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

பனிக்காலச் செட்டுக்கு என்ன செய்யலாம்? மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, சென்சர் இல்லாமலே ஓடுவது. செலவு இல்லை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஓயாமல் குரைக்கும் நாயை வீட்டுக்காரரே பொருட்படுத்துவதில்லை. எரியும் விளக்குக்குப் பழகிய கண்ணும் அப்படித்தான்.

ஒரு பெப்ரவரி மாலை ஒருவர் இழுவண்டியில் கொரோலாவைக் கொண்டுவந்தார். வயதானவர், இரவு வேலைக்கு 401 நெடுஞ்சாலையில் போய்வருபவர். பின் பக்கம் பசஞ்சர் சில்லின் பக்கச்சுவர் சுற்றிவரக் கிழிந்து, ரிம்மின் விளிம்பு தரையில் உரசி மின்னியது. டயரைக் கழற்றி உள்ளே கையை விட்டால் கரித்தூள் போலக் கறுப்பு ரப்பர்ப் பொடி கை நிறைய வந்தது. காற்றில்லாமல் நெடுந்தூரம் ஓடிய டயரின் அடையாளம் அது. மேல்தோலில் ஒரு சிறு ஆணி.

"ஐயா, லைட் எரியேல்லையோ?" என்று கேட்டேன்.

"அது நவம்பரில இருந்து எரியுது தம்பி. பூட்டினவை சொன்னவை, உது பரவாயில்லை, சமர் டயர் போடேக்க தானா நிண்டிடும் எண்டு."

அவரிடம் எந்தப் பிழையும் இல்லை. விளக்கு உண்மையில் ஆணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் அது விடப்படவில்லை. ஐந்தே நிமிடத்தில் ஒட்டுப் போட்டிருக்கக்கூடிய ஆணிக்காக ஒரு டயரும், ஒரு ரிம்மும், ஒரு நாள் சம்பளமும் போயின. நெடுஞ்சாலையில் வேறொன்றும் நடக்காதது பெரும் பேறு.

இரண்டாம் வழி, பனிக்காலச் செட்டுக்கு என்றே நான்கு சென்சர் வாங்கி, ஒவ்வொரு பருவ மாற்றத்தின்போதும் காருக்குப் புதிய எண்களைப் பழக்குவது. இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும். சில வண்டிகள் சிறிது தூரம் ஓடினால் தாமே கற்றுக்கொள்ளும். ஜெனரல் மோட்டர்ஸின் பல வண்டிகளில் கற்கும் நிலைக்குக் கொண்டுபோனதும் ஹோர்ன் இரண்டு தரம் ஒலிக்கும். முன் டிரைவர் பக்கம், முன் பசஞ்சர் பக்கம், பின் பசஞ்சர் பக்கம், பின் டிரைவர் பக்கம் என்று வலஞ்சுழியாக ஸ்கான் கருவியோடு சுற்றிவர வேண்டும். ஒவ்வொரு சில்லிலும் ஹோர்ன் ஒரு தரம் ஒலித்து ஏற்றுக்கொள்ளும். வரிசை தவறினால் முன் சில்லின் குறைவைப் பின் சில்லில் காட்டும். பல டொயோட்டா வண்டிகளில் எண்களை டாஷ்போர்டின் அடியில் உள்ள சொக்கெட் வழியாகக் கணினிக்குள் எழுத வேண்டும். ஓட்டிப் பார்த்தால் வராது. சில டொயோட்டா, லெக்சஸ் மாடல்களில் இரண்டு செட் எண்களையும் பதிந்து வைக்க இடமிருக்கிறது. உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம். அந்த வசதி தங்கள் காரில் இருப்பதே தெரியாமல் வருடா வருடம் கூலி கொடுப்பவர்களைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் வழி, நகல் எடுப்பது. வெற்றாக வரும் சென்சர்களுக்குள் கோடைக்காலச் சென்சரின் எண்ணையே எழுதிவிடலாம். முன் டிரைவர் பக்கத்து எண், பனிக்கால முன் டிரைவர் பக்கத்துக்கு. காருக்கு இரண்டு செட்டும் ஒன்றே. வீட்டு வாசலில் தானே சில்லு மாற்றும் ஒருவர் எந்தக் கருவியும் இல்லாமல் மாற்றிக்கொள்ளலாம். டொயோட்டா போலக் கணினியில் எழுத வேண்டிய வண்டிகளுக்கு நான் பெரும்பாலும் இதையே சொல்வேன். ஆனால் இரண்டு கட்டுப்பாடு. ஒவ்வொரு சில்லும் எந்த மூலைக்குரியது என்று ரிம்மின் உட்புறம் எழுதி வைக்க வேண்டும். மற்றச் செட்டைக் காருக்குள் ஏற்றிக்கொண்டு ஓடினால், ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வந்து கார் குழம்பலாம். பரிசோதிக்கும்போதும் ஒரு செட்டைத் தள்ளி வைத்துவிட்டே கருவியை இயக்குவேன்.

நான்கு சென்சரும் பூட்டுகூலியும் சில நூறு டாலர் வரும் என்றதும் முகம் சுருங்குவது இயல்பு. வாடகையும் வீட்டுக்கடனும் ஏறும் ஊரில் அதை நான் சிறிதாகப் பேசுவதில்லை. ஆனால் பனிக்கால டயரை முதன்முதலாக ரிம்மில் ஏற்றும் நாளிலேயே சென்சரையும் போட்டுவிட்டால், பிறகு டயரைத் திரும்பக் கழற்றும் கூலி மிஞ்சும். முடிவெடுக்க வேண்டியது அந்த நாளில்தான்.

எல்லாக் கார்களுக்கும் சென்சர் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அண்மைக் கால ஹொண்டா சிவிக், மஸ்டா 3, பல வோல்க்ஸ்வாகன் கார்களில் சில்லுக்குள் சென்சரே கிடையாது. காற்றுக் குறைந்த சில்லின் விட்டம் சற்றுக் குறைவதால் அது மற்றவற்றை விட வேகமாகச் சுழலும். பிரேக்குக்கு என்று ஏற்கெனவே உள்ள வேகமானிகள் அதைக் கண்டுபிடித்துவிடும். இத்தகைய காருக்குச் சென்சர் விற்பது ஏமாற்று. ஆனால் இங்கேயும் ஒரு படி உண்டு. சில்லு மாற்றி, நான்குக்கும் கதவருகே ஒட்டியுள்ள அட்டை சொன்ன அளவு காற்றடித்த பிறகு, மெனுவில் போய் மீளமைக்க வேண்டும். காற்றைப் பார்க்காமல் விளக்கை அணைப்பதற்காக மட்டும் அந்தப் பொத்தானை அழுத்தினால், குறைந்த அழுத்தத்தையே சரியான அளவு என்று கார் மனப்பாடம் செய்துகொள்ளும்.

குளிரின் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். ஏறத்தாழ ஒவ்வொரு 5.6 பாகை செல்சியஸ் குறைவுக்கும் டயரில் 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 20 பாகை சூட்டில் இருக்கும் கடைக்குள் 33 அடித்து அனுப்பிய டயர், மைனஸ் 15 பாகை விடியலில் 27 அளவில் நிற்கும். 33இல் கால்பங்கு குறைவு என்றால் 25க்குச் சற்றுக் கீழே. அதாவது எச்சரிக்கை எல்லையை எட்ட இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. தான் பாக்கி. வால்வில் ஒரு மெல்லிய கசிவு இருந்தால் போதும், காலையில் விளக்கு எரியும். வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடேறி விளக்கு அணையும். அணைந்ததும் மறந்துவிடுகிறார்கள். விளக்கு பொய் சொல்லவில்லை. காலைக் குளிரில், ஓடாத டயரில் பார்த்த அளவுதான் உண்மையான அளவு. அட்டையில் உள்ளதும் அந்தக் குளிர்ந்த டயருக்கான எண்தான். ஆகவே டிசம்பரில் ஒரு முறையும் கடுங்குளிர் இறங்கிய பிறகு இன்னொரு முறையும் காற்றுப் பார்க்கச் சொல்வேன்.

இனி வால்வு. இந்த ஊரில் சாலையில் கொட்டும் உப்பு எங்கள் எதிரி. உலோக வால்வு கொண்ட சென்சரின் அலுமினியத் தண்டில் பித்தளை வால்வு ஊசியைப் போட்டுவிட்டால், இரண்டு உலோகமும் உப்பு நீரும் சேர்ந்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அலுமினியத் தண்டுக்கு நிக்கல் பூசிய ஊசிதான் போட வேண்டும். வண்ண வண்ணமாகக் கடைகளில் விற்கும் உலோக மூடிகளும் இப்படியே ஒட்டிப்போகும். ஏப்ரலில் அதைத் திறக்க முறுக்கினால் தண்டு பட்டென்று முறியும். வெள்ளைத் தூளாக அலுமினியம் உதிர, டயர் சீறிக்கொண்டு இறங்கும். ஒரு அழகு மூடிக்காக ஒரு சென்சர் போகும். சென்சரோடு வந்த, உள்ளே ரப்பர் வளையமுள்ள பிளாஸ்டிக் மூடியே போதும். அது தூசியையும் உப்பையும் தடுக்கிறது, ஒட்டவும் ஒட்டாது. இரும்பு ரிம் போடுபவர்களுக்கு ரப்பர்த் தண்டு கொண்ட சென்சரை நான் பரிந்துரைப்பதும் இந்த உப்பின் காரணமாகத்தான்.

டயரை ரிம்மிலிருந்து கழற்றும் ஒவ்வொரு முறையும் வால்வின் ரப்பர் வளையம், நட், ஊசி, மூடி ஆகிய சிறு உதிரிகளைப் புதிதாக மாற்ற வேண்டும். பழைய வளையம் ஒரு முறை நசுங்கினால் மறுபடி அதே போல மூடாது. நட்டையும் கை அளவில் இறுக்கக் கூடாது, சென்சருக்குக் குறித்த அளவில் அளவுச் சாவியால் இறுக்க வேண்டும். டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து விடுவிக்கும்போது இயந்திரத்தின் தகடு சென்சருக்கு அருகே வரக் கூடாது. வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே மிதியில் கால் வைக்க வேண்டும். நவம்பரின் அவசரத்தில் முதலில் விடுபடுவது இந்தப் பார்வைதான். உடைந்த சென்சரின் சத்தம் மிகச் சிறியது, அடுத்த வண்டியின் இரைச்சலில் காதில் விழாது.

சென்சர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கையால் பார்க்கும் கேஜுக்கு அது மாற்று ஆகாது. விளக்கு எரியும்போது கால்பங்குக் காற்றுப் போயிருக்கும். அதற்கு முன்பே டயரின் தோள் தேய்வதும், பெற்றோல் கூடச் செலவாவதும், பனியில் பிடிமானம் மாறுவதும் தொடங்கிவிடும். விளக்கு கடைசி எச்சரிக்கை. முதல் எச்சரிக்கை நம் கையில்தான் இருக்க வேண்டும்.

இந்த முறை சில்லு மாற்றப் போகும்போது கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கழற்றுவதற்கு முன் சென்சர் நான்கையும் கருவியால் பார்த்தீர்களா? என் காருக்குச் சில்லுக்குள் சென்சர் வேண்டுமா, மீளமைத்தால் போதுமா? புதிய எண்களைக் காருக்குப் பழக்கிவிட்டீர்களா? என்ன அளவு காற்றடித்தீர்கள்? நல்ல தொழிலாளி இவற்றுக்குச் சலிக்காமல் பதில் சொல்வார். 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் நட்டைத் திரும்ப இறுக்கிக்கொள்ள வரச் சொன்னால் தவறாமல் போங்கள், அப்போதே காற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சென்சருக்கு இப்போது பணம் இல்லை என்றாலும் குற்றமில்லை. ஒரு நல்ல கேஜ் வாங்கிக் காருக்குள் வைத்து, பனிக்காலம் முழுவதும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காலையில், வண்டி எடுக்கும் முன் பாருங்கள். விளக்கு எரிகிற காரில் உங்கள் பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன், அது ஏன் எரிகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.